வேலி போர்ஜ் பாசறை: 1777-78ஆம் ஆண்டுக் குளிர்காலம்

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரிட்டனை எதிர்த்து நடத்திய விடுதலைப் போர் 1775ஆம் ஆண்டில் தொடங்கி 1783ஆம் ஆண்டில் முடிவுற்றது. இவ்வெட்டாண்டுகளில் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் நின்று நடத்திய பெரும் போர்களை எண்ணிப் பார்ப்போமாயின், அவர் வென்றவற்றைவிடத் தோற்றவையே மிகுதி என்பது புலனாகும். 1777ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. செப்டம்பர் 11ஆம் நாள் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தோல்வி. செப்டம்பர் 26ஆம் நாள் தலைநகராகிய பிலடெல்பியா ஆங்கிலத் தளபதி ஹௌவின் கையில் விழுந்தது. அக்டோபர் 4ஆம் நாள் ஜெர்மன்டவுனில் மீண்டும் தோல்வி. அதே அக்டோபரில் வடக்கே சரட்டோகாவில் தளபதி கேட்ஸ் ஓர் ஆங்கிலப் படை முழுவதையும் சரணடையச் செய்தார் என்பது வாஷிங்டனின் நிலையை இன்னும் இக்கட்டாக்கியது. இருப்பினும், இப்போரின் வரலாற்றைப் படிப்போர் மனத்தில் சரட்டோகாவைவிட ஆழமாகப் பதிந்திருப்பது, ஒரு போரும் நிகழாத வேலி போர்ஜ் என்னும் பாசறையே.

பிலடெல்பியாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், ஸ்கூல்கில் ஆற்றோரம் அமைந்த மேட்டுநிலம் அது. பள்ளத்தாக்கின் ஓடையருகே ஓர் இரும்பு உலைக்களம் இருந்தமையால் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது. அந்த உலைக்களத்தை ஆங்கிலேயர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே எரித்துவிட்டனர். நகரிலிருந்த பகைவரைக் கண்காணிக்கப் போதிய அண்மையும், திடீர்த் தாக்குதலுக்குத் தப்பப் போதிய சேய்மையும் உடையதாக இருந்தமையாலே இவ்விடம் தெரிந்துகொள்ளப்பட்டது. காங்கிரஸ் சபை மேற்கே யார்க் என்னும் சிற்றூருக்கு ஓடிப்போயிருந்தது. அச்சபை டிசம்பர் 18ஆம் நாளை நாடெங்கும் நன்றியறிதலின் நாளாக ஆசரிக்கும்படி கட்டளையிட்டிருந்தது. அந்நாளில் தனக்குக் கிடைத்த விருந்து ஒரு சிறங்கை அளவுகூட இல்லாத அரிசியும் ஒரு கரண்டிக் காடியுமே என்று ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்னும் இளம் போர்வீரர் தம் முதுமையில், 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் கசப்பும் நகைப்பும் கலந்து எழுதியிருக்கிறார். மறுநாள், டிசம்பர் 19ஆம் நாள், ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர் பாசறைக்குள் நுழைந்தனர்.

நான்கு நாட்களுக்குப் பின் வாஷிங்டன் காங்கிரஸ் தலைவர் ஹென்றி லாரன்சுக்கு எழுதிய மடல், ஆட்சியாளருக்குப் படைத்தலைவர்கள் எழுதிய மடல்களுள் மிகவும் வெளிப்படையானவற்றில் ஒன்று. காலில் செருப்பும் உடலில் போதிய உடையும் இன்மையால் 2,898 பேர் கடமைக்கு உதவாதவர்களாய் இருக்கிறார்கள் என்று அவர் தொகை குறிப்பிடுகிறார். பகைவர் வெளியே வருவதாகச் செய்தி கிடைத்தபோது, உணவில்லாமையால் படை நகர இயலவில்லை. முந்தின இரவு கலகம் ஒன்று தலைதூக்கிச் சிரமத்துடன் அடக்கப்பட்டது. பாசறையில் அடிப்பதற்கு ஓர் ஆடுமாடுகூட இல்லை, மாவு 25 பீப்பாய்க்கு மேல் இல்லை. நிலைமை மாறாவிடில் இப்படை பட்டினி கிடக்கவேண்டும், அல்லது கலைந்துபோகவேண்டும், அல்லது உணவு தேடிச் சிதறவேண்டும் என்று அவர் திட்டமாக எழுதினார். படை குளிர்காலத்தில் பாசறைக்குள் ஒதுங்கலாகாது, களத்திலேயே நிற்கவேண்டும் என்று பென்சில்வேனியாச் சட்டமன்றம் அப்போது முறையிட்டிருந்தது. கணப்படுப்பின் அருகே அமர்ந்து முறையீடு வரைவது எளிது, குளிர்ந்த குன்றின்மேல் போர்வையின்றிப் பனியில் படுப்பது எளிதன்று என்னும் கருத்துப்பட அதற்கும் அவர் அம்மடலிலேயே விடை பகர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு படத்தைப் பற்றிப் பேசியாகவேண்டும். பனி மூடிய காட்டில், குதிரையை அருகே நிறுத்திவிட்டு, வாஷிங்டன் முழந்தாட்படியிட்டு ஜெபிக்கும் காட்சி அது. 1928இல் அமெரிக்க அஞ்சல் துறை இதனை ஒரு தபால்தலையாகவே வெளியிட்டது. பிரசங்க உதாரணத் தொகுப்புகளில் இது இடம்பெறுவது வழக்கம்; நம்மவர் சிலரும் அதனைப் பயன்படுத்தியிருக்கக்கூடும். இதன் மூலத்தைத் தேடிச் சென்றால் மேசன் வீம்ஸ் என்பவரிடம் வந்து சேருகிறோம். இவர் ஆங்கிலிக்கன் மரபில் குருப்பட்டம் பெற்றுப் பின்னர் ஊர் ஊராகச் சென்று நூல் விற்றவர். வாஷிங்டன் சிறுவயதில் செரி மரத்தை வெட்டிய கதையை நமக்குத் தந்தவரும் இவரே. 1800இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலின் பிற்பதிப்பு ஒன்றில்தான் ஜெபக் காட்சி சேருகிறது. ஐசக் பாட்ஸ் என்னும் குவேக்கர் அதனைக் கண்டு, வீட்டிற்கு ஓடித் தம் மனைவி சாராளிடம் கூறினார் என்பது கதை. ஆனால் தளபதியின் தலைமையகமாக விளங்கிய பாட்ஸின் வீடு அக்காலத்தில் வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அன்றியும், பாட்ஸ் சாராள் என்பவரை மணந்தது கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே. கண்ட சாட்சி இல்லை. அக்கால மடல்களிலோ நாட்குறிப்புகளிலோ ஒரு வரியும் இல்லை.

வாஷிங்டன் ஜெபியாதவர் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. அவர் தம் திருச்சபையின் வட்டார மன்றத்தில் பணியாற்றியவர். 1778 மே 2ஆம் நாள், ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குப் படைக்குருமாரைக் கொண்டு ஆராதனை நடத்தவேண்டுமெனப் பாசறைக்குக் கட்டளை பிறப்பித்தவரும் அவரே. இப்படத்தைக் குறித்து என் கவலை வேறு. சான்றற்ற ஒன்றைப் பிரசங்க பீடத்தில் சான்றாக நிறுத்துவது ஒரு குறை. துன்பத்தின் காரணத்தை அப்படம் பனியின்மேல் சுமத்திவிடுவது அதனினும் பெரிய குறை. பனியையும் குளிரையும் கடவுள் அனுப்புகிறார். ஆகவே மனிதன் முழந்தாளிடுவதைத் தவிரச் செய்யக்கூடியது வேறில்லை என்று பார்ப்பவன் எண்ணிக்கொள்கிறான். உண்மையில் 1777-78ஆம் ஆண்டுக் குளிர்காலம் அந்நாட்டு அளவில் கடுமையானதன்று. இரண்டாண்டு கழித்து, 1779-80இல், மாரிஸ்டவுன் பாசறையில் இருபத்தெட்டு முறை பனி பொழிந்ததே, அதுவே கொடிய குளிர்காலம். வேலி போர்ஜில் மனிதரை வாட்டியது மனிதரின் நிருவாகச் சீர்கேடு.

அச்சீர்கேடு எத்தகையது? பென்சில்வேனியா வளமான நாடு. தானியம் இல்லாமற் போகவில்லை. 1777 ஜூனில், போர்க்காலத்தின் நடுவில், காங்கிரஸ் உணவு வழங்கும் துறையைத் திருத்தியமைத்தது. கணக்கு எழுதும் விதிகள் பெருகின. ஊதியம் ஒவ்வாமையால் அனுபவமுள்ள தலைமை அதிகாரி டிரம்புல் விலகினார். ஊர்தி, பாதை, கூடாரம், தீவனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான தளவாடத் தலைவர் மிப்ளினும் அவ்வாண்டிலேயே பதவி துறந்தார்; அவ்விடம் மாதக்கணக்கில் சரியானபடி நிரப்பப்படவில்லை. வண்டிகளும் வண்டியோட்டிகளும் கிடைக்காமையால் மாவும் இறைச்சியும் வழியிலேயே தேங்கின. தீவனமின்றி நூற்றுக்கணக்கான குதிரைகள் பாசறையிலேயே மடிந்தன. குதிரைகள் மடிந்தமையால் மேலும் வண்டிகள் நின்றன. இவற்றோடு, காங்கிரஸ் அச்சிட்ட தாள் நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் வீழ்ந்துகொண்டிருந்தது. பிலடெல்பியாவிலிருந்த ஆங்கிலேயர் பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர். விவசாயி எங்கே விற்பான்? அவனைத் துரோகி என்று வைவது எளிது. அவனுக்கும் பிள்ளைகள் உண்டு.

ஆகவே தளபதி எதிர்கொண்ட கேள்வி மிகக் கூர்மையானது. உணவு அருகிலேயே களஞ்சியங்களில் இருக்கிறது. கையில் படைக்கலம் இருக்கிறது. படைவீரர் பட்டினி கிடக்கிறார்கள். காங்கிரசே, நீர் பறிமுதல் செய்வதில் அளவுக்கு மீறித் தயங்குகிறீர் என்று டிசம்பரில் அவரைக் குறைகூறித் தீர்மானம் நிறைவேற்றியது. வாஷிங்டன் அதற்கு அளித்த விடை சிந்திக்கத்தக்கது. படை தானாகவே குடிமக்களிடம் பறிக்கத் தொடங்குமாயின் மக்களின் அன்பு முறிந்துபோகும். அதைவிட, கொள்ளையின் சுவை கண்ட வீரனை மீண்டும் ஒழுங்குக்குள் கொண்டுவருவது மிக அரிது. ஆகவே பொருள் திரட்டும் பொறுப்பைக் குடியாட்சி அதிகாரிகளே ஏற்கவேண்டும் என்று அவர் வாதித்தார். தமக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை முழுமையும் கையாள அஞ்சிய தளபதி இவர். இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று கொள்வோர் அன்றும் இருந்தனர்.

ஆயினும் 1778 பிப்ரவரி நடுவில் அவ்வச்சத்தையும் அவர் தள்ளிவைக்க நேர்ந்தது. படையின் ஒரு பகுதிக்கு ஒரு வாரமாக இறைச்சியே கிட்டவில்லை. மாவை நீரில் பிசைந்து நெருப்புக் கல்லில் சுட்ட அடையே உணவு. இவ்வளவு பட்டினியிலும் இம்மனிதர்கள் ஏன் இன்னும் கலகம் செய்யவில்லை என்று வியந்து, அவர்களுடைய பொறுமையையும் விசுவாசத்தையும் பாராட்டி, நியூயார்க் ஆளுநர் கிளிண்டனுக்கு அவர் பிப்ரவரி 16ஆம் நாள் எழுதினார். அவ்வேளையில் நாத்தானியேல் கிரீன் என்னும் தளபதியை ஓர் பெரும்படைப் பிரிவோடு நாட்டுப்புறத்திற்கு அனுப்பி, கால்நடை, குதிரை, வண்டி, தீவனம் ஆகியவற்றைத் திரட்டச் செய்தார். எடுத்தவற்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது கட்டளை. அச்சீட்டின் மதிப்பை விவசாயி அறிந்திருந்தான். கிரீன் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். பின்னர் அச்சபை அவரை விலக்கிவைத்தது. அவர் தம் தலைவருக்கு எழுதிய மடலில், குடிமக்கள் நாற்புறமும் சூழ்ந்து கதறுகிறார்கள் என்றும், தாமோ பார்வோனைப்போலத் தம் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டிருப்பதாகவும் குறிப்பிடுகிறார்.

யாத்திராகமத்தை அறிந்த ஒருவன், விடுதலைக்காகப் போராடும் பக்கத்தில் நின்றுகொண்டு, தன்னை மோசேயோடு ஒப்பிடாமல் பார்வோனோடு ஒப்பிட்டதைக் கவனிக்கவேண்டும். அது பாதி வேடிக்கையாகச் சொன்னதாயும் இருக்கலாம். ஆனாலும் தான் செய்வது நீதியின் பொருட்டேயாயினும் பிறனுக்கு இழைக்கும் தீங்கு தீங்கே என்பதை அம்மனிதர் மறைக்கவில்லை. படை பிழைத்தது, சில பண்ணைகள் வெறுமையாயின. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லாத வரலாறு குறைவுள்ளது.

குடிசைகளின் கதை இத்துணைக் கடினமானதன்று. பதினாறு அடி நீளம், பதினான்கு அடி அகலமுள்ள மரக்குடிசை பன்னிருவருக்கு ஒன்று என அளவு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைவாகவும் செவ்வையாகவும் கட்டி முடிக்கும் குழுவிற்குப் பன்னிரண்டு டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. தொடக்க நாட்களில் வாஷிங்டனும் கூடாரத்திலேயே தங்கினார்.

குடிசைகள் எழும்பின; ஆனால் அவற்றினுள் காற்றோட்டமில்லை; மடிந்த குதிரைகள் புதைக்கப்படாமல் கிடந்தன; நீரும் மண்ணும் கெட்டன. குடற்காய்ச்சல், பேன்வழிப் பரவும் நச்சுக்காய்ச்சல், சீதபேதி ஆகியவை பரவின. அவ்வாறு மாதங்களில் இறந்தோர் தொகை இரண்டாயிரத்தை நெருங்கியது என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. இவர்களுள் பெரும்பாலோர் பனிக்காலத்தில் இறக்கவில்லை. பனி உருகி, உணவு வந்து சேரத் தொடங்கிய மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் இறந்தனர். அதுவும் பாசறையில் அல்ல, சுற்றுவட்டாரத்து மருத்துவ விடுதிகளில். மருத்துவத் துறையிலும் ஊழலும் பூசலும் மலிந்திருந்தமையால் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1778 ஜனவரியில் மேலதிகாரிமேல் குற்றஞ்சாட்டிப் பதவி துறந்தார்.

பெரியம்மை ஒன்றிலாவது தளபதியின் முன்னறிவு பலித்தது. இளமையில், 1751இல், பார்படோஸ் தீவில் அந்நோய் கண்டு பிழைத்தவர் அவர். ஜென்னரின் முறை வருவதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பு, அம்மைக் கொப்புளத்தின் சீழை நலமுள்ளவன் தோலில் கீறி ஏற்றும் ஆபத்தான முறையே இருந்தது. 1777 தொடக்கத்திலேயே படை முழுவதற்கும் இதனைச் செய்யக் கட்டளையிட்ட அவர், வேலி போர்ஜிலும் மூன்று, நான்காயிரம் பேருக்குச் செய்வித்தார். ஒரே வேளையில் பலர் படுத்திருப்பதைப் பகைவர் அறியாதபடி அது மறைவாக நடைபெற்றது.

பிப்ரவரி இறுதியில் பிரஷ்ய நாட்டு ஸ்டூபன் பாசறைக்கு வந்தார். அவருக்கு முன்னால் வந்த பரிந்துரைகள் அவரைப் பெரும் தளபதியாக உயர்த்திக் கூறின. உண்மையில் அவர் படைத்தலைவர் என்னும் நடுத்தரப் பதவியோடு தம் நாட்டில் ஓய்வு பெற்றவர். பட்டம் பொய்யாயினும் திறமை மெய்யாயிருந்தது. நூறு பேரைத் தெரிந்தெடுத்துத் தாமே முன்னின்று பயிற்றுவித்தார். அவர்கள் பிறரைப் பயிற்றுவித்தனர். ஆங்கிலம் அறியாமையால் பிரெஞ்சில் எழுத, இளம் உதவியாளர்கள் மொழிபெயர்த்தனர். சமையலிடம் ஒருபுறமும் கழிப்பிடம் சரிவின் எதிர்ப்புறமும் அமையவேண்டும் என்பதும் அவர் கற்பித்த ஒழுங்குகளுள் ஒன்று. பிரஷ்ய வீரனிடம் செய் என்றால் செய்வான். இவர்களிடமோ ஏன் செய்யவேண்டும் என்று காரணத்தைச் சொன்ன பின்னரே செய்யச் சொல்லவேண்டியிருக்கிறது என்று அவர் ஒரு நண்பருக்கு எழுதினார். இறையியல் மாணவருக்கு இதை ஒருமுறைக்கு இருமுறை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

இதே மாதங்களில் கான்வே, மிப்ளின் முதலியோர் வாஷிங்டனை நீக்கிக் கேட்ஸை அமர்த்த முயல்வதாகப் பேச்சு எழுந்தது. அச்சூழ்ச்சி எவ்வளவு ஆழமானது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. அதனைக் குறித்து இங்கே விரிப்பது வேண்டாம். காங்கிரசிலிருந்து பாசறையைப் பார்வையிட ஒரு குழுவை வருவித்து, குறைகளைக் கண்ணாரக் காணச் செய்ததே வாஷிங்டன் கையாண்ட வழி. அதன் பயனாக மார்ச்சில் கிரீன் தளவாடத் தலைவரானார். போர்க்களப் புகழை விட்டு வண்டியும் வைக்கோலும் எண்ணும் வேலைக்குப் போக அவருக்கு மனமில்லை. தளவாடத் தலைவன் ஒருவனை வரலாறு எங்கே நினைவுகூர்ந்தது என்று முறையிட்டுக்கொண்டே ஏற்றுக்கொண்டார். ஏப்ரலில் வாட்ஸ்வர்த் உணவுத் துறையை ஏற்றார். அவ்விருவரும் வந்த பின்னரே பாசறைக்கு ஒழுங்காக உணவு வந்தது.

பாசறையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தப்பியோடியவர்க்கும் திருடியவர்க்கும் நூறு கசையடி வரை விதிக்கப்பட்டது. துணி வெளுக்கவும் நோயாளரைப் பேணவும் நூற்றுக்கணக்கான பெண்கள் அரைப்படி உணவுக்கு உழைத்தனர். ரோட் தீவு மாநிலம், ஆள் பற்றாக்குறையால், 1778 பிப்ரவரியில் நீக்ரோ அடிமைகளைப் படையில் சேர்த்து அவர்களுக்கு விடுதலை அளிக்கச் சட்டமியற்றியது. அதே பாசறையில் தளபதியின் குதிரையைப் பின்தொடர்ந்து எல்லா நாளும் நின்றவர் வில்லியம் லீ என்னும் அவருடைய அடிமை. மனிதருக்குரிய உரிமைக்காக எட்டாண்டு போரிட்ட தலைவர் அவ்வடிமையை உடனே விடுதலையாக்கியது தம் மரண சாசனத்தால், 1799இல்.

பிரான்சோடு உடன்படிக்கை ஏற்பட்ட செய்தி வந்தபோது, மே 6ஆம் நாள் குருமார் நன்றியறிதலின் ஆராதனை நடத்த, படை அணிவகுத்துத் துப்பாக்கி வெடித்துக் கொண்டாடியது. ஆங்கிலேயர் பிலடெல்பியாவை விட்டு வெளியேறிய மறுநாள், ஜூன் 19ஆம் நாள், படை வேலி போர்ஜை நீங்கியது. அம்மாதம் 28ஆம் நாள் மான்மத் களத்தில், திறந்த வெளியில் ஆங்கிலப் படைக்கு எதிரே நிலைகுலையாமல் நின்றது.

இத்துன்பகாலத்தில் திருச்சபைகள் எங்கே நின்றன என்று நம் வாசகர் கேட்கக்கூடும். பாசறைக்குச் சில மைல் தொலைவில் டிராப் என்னும் ஊரில் வாழ்ந்த லுத்தரன் போதகர் ஹென்றி மெல்கியோர் மியூலன்பர்க்கின் நாட்குறிப்பு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குக்குப் பின் மிஷனெரிகளை அனுப்பிவந்த அதே ஹாலே நிறுவனமே இவரை 1742இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. முதலில் இவரை இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணமும் இருந்தது. அனுப்பியிருந்தால் நம் சபை வரலாற்றில் இவர் பெயரைப் படித்திருப்போம். மன்னனுக்குக் கொடுத்த வாக்கை முறிக்கத் தயங்கிய முதியவர் அவர். மகன் பீட்டரோ குருப்பணியை விட்டு வாஷிங்டனின் கீழ்ப் படைத்தளபதியாய் வேலி போர்ஜிலேயே இருந்தார். 1777 செப்டம்பரில் தம் ஆலயத்திற்குள் படைவீரர் நிறைந்து, ஒருவன் ஆர்கன் வாசிக்க மற்றவர் பாட, தரையெங்கும் வைக்கோலும் அழுக்குமாய்க் கிடந்ததை அம்முதியவர் மனம் நொந்து குறித்துவைத்திருக்கிறார்.

பெத்லகேம் என்னும் ஊரில் மொராவிய சபையார் வாழ்ந்தனர். தரங்கம்பாடி அருகே 1760 முதல் சகோதரர் தோட்டம் அமைத்து வாழ்ந்தவர்களும் இச்சபையினரே. அவர்கள் படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள். ஆகவே இரு தரப்பாரின் ஐயத்துக்கும் ஆளானவர்கள். 1777 செப்டம்பரில் மணமாகாத சகோதரர் வாழ்ந்த பெரிய இல்லத்தைக் காலிசெய்து மருத்துவ விடுதிக்கு விடும்படி அவர்களுக்குக் கட்டளை வந்தது. விட்டார்கள். இருநூறு பேருக்குப் போதுமான இடத்தில் அதனினும் மும்மடங்கு பேர் தரையில் கிடத்தப்பட்டனர். சபையின் தலைவருள் ஒருவரான ஜான் எட்வைன் நாள்தோறும் உள்ளே சென்று நோயாளரோடு பேசி ஜெபித்தார். நோயாளரைப் பேண முன்வந்த இளைஞருள் எழுவர் அந்நோய் தொற்றி மாண்டனர்; அவர்களுள் ஒருவர் எட்வைனின் சொந்த மகன். எட்வைன் அதற்குப் பின்னும் அவ்விடுதிக்குச் செல்வதை நிறுத்தவில்லை. அங்கு இறந்த வீரர்கள் மோனோகசி ஓடைக்கு மேற்கே குன்றின் சரிவில் நூற்றுக்கணக்காய் அடக்கம்பண்ணப்பட்டார்கள். பெரும்பாலோர் பெயர்கள் எழுதிவைக்கப்படவில்லை.